சுவிட்சை அணைத்த பிறகும் கேமரா ஓடட்டும்

2005 நவம்பர் 5. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள வலேரோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஓர் உலையின் உச்சியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கழற்றி வைத்த குழாயைத் திரும்பப் பொருத்த வேண்டும். உலையின் வாய் திறந்திருக்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே சில அடி ஆழத்தில் ஒரு டேப் சுருள் கிடக்கிறது. அதை உள்ளேயே விட்டு மூட முடியாது. ஒருவர் எடுக்க முயன்றார். தவறி விழுந்தாரா, தானே இறங்கினாரா என்பது உறுதியாகவில்லை. உலைக்குள் நிரப்பியிருந்தது நைட்ரஜன். இதைப் பார்த்த சக தொழிலாளி பதறி ஏணியை இறக்கி உள்ளே போனார். இருவருமே பிழைக்கவில்லை.

இந்த விபத்தைப் பற்றி அமெரிக்க அரசின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் ஒரு சிறு படம் வெளியிட்டது. வாரியத்தைச் சுருக்கமாக சி.எஸ்.பி. என்பார்கள். 1998இல் செயல்படத் தொடங்கிய சிறிய அமைப்பு. அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விபத்து நடந்த இடத்துக்குப் போய், ஏன் நடந்தது என்று ஆராய்ந்து, இனி நடக்காமலிருக்க யார் என்ன செய்ய வேண்டும் என்று பரிந்துரைப்பதுதான் வேலை. அந்த ஆய்வுகளை அனிமேஷன் படங்களாக்கி யூடியூபில் போடுகிறார்கள். ரசாயன ஆலையின் வாசலைக்கூட மிதிக்காத லட்சக்கணக்கானவர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள். யாரும் அவர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கவில்லை.

நான் கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலையின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துவதும், அதற்கான வீடியோக்களை எடுப்பதும் என் பொறுப்பு. வேறு ஆலைகளில் இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் பேசும்போதெல்லாம் ஒரே குறைதான்: "வீடியோ போட்டா அஞ்சு நிமிஷத்துல பாதிப் பேர் தூங்கிடறாங்க. எப்படிங்க சுவாரசியமா எடுக்கறது?" போனில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த டேப் சுருள் படத்தை எங்கள் ஆட்களுக்கு நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொல்லிக் காட்டுவதுண்டு. பாட்டு இல்லை, நடிகர் இல்லை, சிரிப்பு இல்லை. அனிமேஷன்கூடச் சாதாரணமானதுதான். ஆனாலும் யாரும் கண்ணை எடுப்பதில்லை. ஏனென்றால் கீழே விழுந்த ஒரு பொருளை எடுக்கப் போவது அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் செய்வது. அந்த இடத்தில் இருந்திருந்தால் தாங்களும் கையை நீட்டியிருப்போம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அந்தக் கணத்திலிருந்து அது வேறு தேசத்து ஆலையின் கதையாக இல்லை. "மூச்சு முட்டுனா வெளிய வந்திருப்பாங்களே?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நான் காத்திருப்பதும் அந்தக் கேள்விக்குத்தான். நைட்ரஜனில் மூச்சு முட்டாது. நமக்கு மூச்சுத் திணறல் தெரிவது உடலில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஜனை உள்ளிழுக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் கிடைக்காது. வாசனையும் இல்லை. ஓரிரண்டு மூச்சில் நினைவு போய்விடும். இதைச் சொல்லும்போது கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இருவரையும் பிணமாக எடுத்த செய்தி அறையில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே வாயு வேறு. காப்பாற்றப் போனவரும் சாகும் விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பாதுகாப்பு வீடியோவில் ஆளை உட்கார வைப்பது எது என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: புத்தியுள்ள ஒரு மனிதர் அந்த நேரத்தில் ஏன் அதைச் செய்தார் என்பதை நேர்மையாகச் சொல்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஆலைகளில் வழக்கமாகக் காட்டும் வீடியோ எப்படித் தொடங்குகிறது? வானத்திலிருந்து ட்ரோனில் எடுத்த ஆலைக் கட்டடம். நிறுவனர் படம். எத்தனை ஸ்பிண்டில், எந்தெந்த நாட்டுக்கு ஏற்றுமதி. பிறகு ஒருவர் நின்று வாழ்த்துரை படிக்கிறார். அதன்பின் "பாதுகாப்பு உபகரணங்களை அணிவீர்", "கவனமாகப் பணிபுரிவீர்" என்று வரிசையாக வாசகங்கள். எங்கோ வாங்கிய வெளிநாட்டுக் காட்சிகளில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஆண்கள் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பதோ நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் நிற்கப்போகும் பத்தொன்பது வயதுப் பெண். அவள் வாழ்நாளில் ஹெல்மெட் போட்டு மெஷினில் நிற்கப்போவதில்லை. அவளுக்கு வேண்டியது தலைமுடியை எப்படிக் கட்டுவது, துப்பட்டாவை என்ன செய்வது, டிரம்மில் நூல் சுற்றிக்கொண்டால் விரலை விடாமல் கொக்கியால் எப்படி எடுப்பது. அந்த வீடியோவில் இவை எதுவும் இல்லை. அது அவளுக்காக எடுத்ததே இல்லை. ஆடிட் வருபவர்கள் கேட்கும்போது ஃபைலில் காட்டுவதற்காக எடுத்தது. தனக்காகப் பேசாத ஒன்றின் முன்னால், அதுவும் இரவு முழுக்க ரயிலில் வந்து இறங்கிய நாளில், அவள் தூங்கினால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

"கவனமாக இரு" என்ற வாக்கியத்தில் தகவல் ஒன்றும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், எந்த நொடியில், எந்தக் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால்தான் அது பயிற்சி.

நாங்கள் எடுத்த கார்டிங் வீடியோவைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். நூற்பாலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ப்ளோ ரூமில் உதிர்த்துச் சுத்தம் செய்த பஞ்சு, கார்டிங் இயந்திரத்துக்கு வந்து சீவப்படும். அதற்குள் இருக்கும் பெரிய சிலிண்டர் முழுக்க நுண்ணிய கம்பிப் பற்கள். எடை மிகுந்தது, வேகமாகச் சுழல்வது. மின்சாரத்தை நிறுத்தினால் மோட்டார் நின்றுவிடும். சிலிண்டர் நிற்காது. தன் எடையாலேயே சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கார்டிங்கில் கையிழந்தவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. சுவிட்சை அணைத்தார், சத்தம் குறைந்தது, மூடியைத் திறந்தார்.

முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் "சிலிண்டர் முழுமையாக நின்ற பிறகே மூடியைத் திறக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கார்டிங் ஃபிட்டர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இது எல்லாத்துக்கும் தெரியுமுங்க தம்பி. நின்னுருச்சுன்னு நெனச்சுத்தான் தொறக்கறாங்க. எவ்வளவு நேரம் ஓடும்னுதான் ஒருத்தனுக்கும் தெரியறதில்ல."

"அதையே காட்டிரலாமாண்ணா?" என்றேன்.

மெஷின் நின்றிருந்தபோதே பக்கவாட்டில், கம்பிவலைக் காப்புக்குப் பின்னால் தெரியும் புல்லியில் சாக்பீஸால் தடிமனான கோடு போட்டார். காப்பைத் திரும்ப மாட்டி, மெஷினை ஓடவிட்டு, அந்தக் கோடு தெரியும்படி போனை ஸ்டாண்டில் வைத்தோம். அண்ணன் சுவிட்சை அணைத்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டு இல்லை, இசை இல்லை, குரல் இல்லை. மோட்டார் சத்தம் அடங்குகிறது. கோடு இன்னும் சுழல்கிறது. பார்ப்பவருக்கு "போதும், நின்றுவிடும்" என்று தோன்றும் நேரம் வருகிறது. நிற்கவில்லை. மறுபடி தோன்றுகிறது. நிற்கவில்லை. கடைசியில் கோடு மெல்ல ஏறி, தயங்கி, நிற்கிறது.

இதை எடிட் செய்யும்போது வேகப்படுத்திவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். நான் மறுத்தேன். அந்த நீளம்தான் பாடம். வகுப்பில் இதைப் போட்டுவிட்டு, இடையில் வீடியோவை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: "இப்பத் திறக்கலாமா?" கைகள் தூக்குவார்கள். ஓடவிடுவோம். கோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கை தூக்கியவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். மறுபடி நிறுத்துவோம். இந்த முறை கை தூக்குபவர்கள் குறைவு. தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டிய தேவை அந்த வகுப்பில் வந்ததில்லை. தன் கணிப்பு தவறு என்று ஒருவர் தானே கண்டுபிடிக்கும்போது அது அவருடைய அறிவாகிவிடுகிறது, நான் சொல்லிக்கொடுத்ததாக இருப்பதில்லை.

புதிய இயந்திரங்களில் சிலிண்டர் நிற்கும்வரை மூடி திறக்காதபடி இன்டர்லாக் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை ஒரு காந்தத் துண்டாலோ கம்பியாலோ ஏமாற்றி வைக்கும் பழக்கமும் ஊர் ஊராக இருக்கிறது. இங்கேதான் பாதுகாப்பு வீடியோ எடுப்பவர் தன் நேர்மையை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொழிலாளி ஏன் இன்டர்லாக்கைக் கட்டிப்போடுகிறார்? சோம்பலாலா? மெஷின் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உற்பத்திக் கணக்கில் விழுகிறது. ஷிப்ட் முடிவில் மேஸ்திரி அந்தக் கணக்கைக் கேட்பார். மேஸ்திரியை அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார். இத்தனையும் தெரிந்த ஒரு தொழிலாளியின் முன்னால் "இன்டர்லாக்கை முடக்காதீர்" என்று எழுத்து ஓடினால், எழுதியவருக்கு ஷெட் தெரியாது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். அதன்பின் அந்த வீடியோவில் வரும் எதையும் அவர் நம்பப்போவதில்லை.

அதனால் எங்கள் வீடியோவில் உற்பத்தி மேலாளரைக் கேமரா முன் நிறுத்தினோம். வாழ்த்துரைக்கு அல்ல. கார்டிங் மெஷின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு விஷயத்தைத் தன் வாயால் சொல்வதற்கு: சிலிண்டர் நிற்கக் காத்திருந்த நேரத்தை யாருடைய உற்பத்திக் கணக்கிலும் பிடிக்க மாட்டோம், யாராவது பிடித்தால் நேராக என்னிடம் வாருங்கள். இதைச் சொல்ல வைக்க எடுத்துக்கொண்ட நேரம், படம் எடுத்த நேரத்தைவிட அதிகம். சொன்னதை வாபஸ் வாங்க முடியாது, தொழிலாளர்களின் போனிலேயே அது இருக்கும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால்தான் தயங்கினார், அதனால்தான் அது தேவைப்பட்டது. வீடியோ திரையிட்டபோது அறையில் பேச்சு அடங்கி எல்லோரும் நிமிர்ந்து பார்த்தது அந்த இருபது நொடியை.

சி.எஸ்.பி. படங்களின் பலமும் இதுதான் என்று நினைக்கிறேன். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் அளவுக்கு மீறித் திரவத்தை நிரப்பிவிட்டார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். படம் நம்மை ஆபரேட்டரின் நாற்காலியில் உட்கார வைக்கிறது. கோபுரத்துக்குள் திரவம் 150 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, அவர் முன்னாலிருந்த மானி பத்து அடிக்கும் குறைவாக, அதுவும் மெல்ல இறங்குவதாகக் காட்டியது. அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஆபரேட்டர்கள் 29 நாளும் அதற்கு மேலும் விடுப்பின்றி, தினம் 12 மணி நேர ஷிப்ட் பார்த்தவர்கள். செலவுக் குறைப்பு முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன என்பது வரை படம் ஏறிப் போகிறது. இதைப் பார்க்கும் தொழிலாளி தன்னை யாரும் முட்டாளாக்கவில்லை என்பதை முதலில் உணர்கிறார். அந்த மரியாதை கிடைத்தபின் எவ்வளவு நுணுக்கமான விஷயத்தையும் உட்கார்ந்து கேட்பார்.

சிரிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். வடிவேலு துணுக்குகளைச் சேர்க்கலாமா என்று. தாராளமாகச் சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதக் கடைசியில் அது உலகம் முழுக்க ட்ரெண்டானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் துணுக்கைப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால் அது இடைவேளை. அங்கேயே நிறுத்தி, "இந்தச் சுத்தியல் விழாம இருக்கணும்னா என்னென்ன பண்ணியிருக்கலாம்?" என்று கேட்டால் அது பாடம். சுத்தியலைக் கயிற்றால் கையோடு கட்டியிருக்கலாம். மேலே வேலை நடக்கும்போது கீழே ஆள் போகாமல் தடுப்புக் கட்டியிருக்கலாம். ஹெல்மெட் போட்டிருக்கலாம். எங்கள் பராமரிப்புப் பிரிவுப் பையன்கள் இந்த மூன்றையும் நான் வாய் திறக்குமுன் சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் நான்காவதாகச் சொன்னது எனக்குத் தோன்றாத ஒன்று: கீழே நிற்கிறவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டிய அவசியமே என்ன?

2012இல் மெல்போர்ன் ரயில் நிறுவனம் வெளியிட்ட, அசட்டுத்தனமாகச் சாகும் வழிகளைப் பாடும் கார்ட்டூன் பாட்டு உலகெங்கும் பரவி, மறு ஆண்டு கான் விளம்பர விழாவில் விருதுகளை அள்ளியது. பிளாட்பாரத்தில் நிற்கும் பயணிக்கு சிறு நினைவூட்டலாக அது நல்ல வேலை. ஒரே இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அந்தப் பாணி போதாது. அவருக்கு மெட்டு தேவையில்லை, அந்த இயந்திரத்தைப் பற்றிய விவரம் தேவை.

ரத்தம் காட்டலாமா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டில் எடுத்த ஒரு குறும்படம் உண்டு. கிளவுஸ் என்பவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முதல் நாள். பழைய பாதுகாப்புப் படங்களின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்பித்து, போகப் போக ரத்தக் களரியாகிவிடும். பின்னணிக் குரல் கொடுத்தவர் ஜெர்மன் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற சாலைப் பாதுகாப்புத் தொடருக்குக் குரல் கொடுத்த எகோன் ஹோகன். கேலிப் படமாக எடுத்ததை நிஜமான ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி வகுப்புகளிலேயே காட்டத் தொடங்கிவிட்டார்கள். விதிகளை ஏற்கெனவே பாடமாகப் படித்த ஓட்டுநர்கள், ஒவ்வொரு தவற்றையும் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். அங்கே அது வேலை செய்வது எனக்குப் புரிகிறது.

ஆனால் உண்மையான விபத்துப் படங்களை வகுப்பில் காட்டுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். சிதைந்த கையைக் கண்டதும் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திரும்பிய முகம் அடுத்து வரும் ஒன்றையும் பார்ப்பதில்லை. வாரக்கணக்கில் கனவில் அந்தக் கை வரும், எந்த மூடி, எந்த சுவிட்ச் என்பது வராது. இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். நம் ஆலைகளில் ஊர்க்காரர், அக்கா தங்கை, மாமன் மச்சான் என்று சேர்ந்துதான் வேலைக்கு வருகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் அறையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ உறவாக இருக்கலாம். இறந்தவரின் உடலை நம் பாடப் பொருளாக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மொழி. இதுதான் இப்போது எங்களுக்கு இருக்கும் பெரிய சவால். ஒடிசா, ஜார்க்கண்ட், பிகார், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே ஷெட்டில் நிற்கிறார்கள். தமிழில் எடுத்து இந்தியில் டப் செய்தால் போதும் என்று நினைப்பது தவறு. வீட்டில் சந்தாலி பேசும் பெண்ணுக்கு ஏட்டு இந்தி பாதிதான் புரியும். ஐரோப்பாவில் பல நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து 1998இல் நாப்போ என்ற கார்ட்டூன் தொழிலாளியை உருவாக்கினார்கள். அத்தனை மொழிகள் உள்ள கண்டத்தில் எல்லோருக்கும் ஒரே படம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, அவன் எந்த மொழியும் பேச மாட்டான் என்பது. முனகுவான், திகைப்பான், ஓடுவான். எல்லாம் உடலிலேயே தெரியும். நாங்கள் அந்தப் படங்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் சாக்பீஸ் கோட்டுக் காட்சியிலும் குரலைத் தவிர்த்தோம். சொல் இல்லாமல் புரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: செய்முறை காட்டப் புதிதாக எடுத்த வீடியோவை, ஒலியை அணைத்துவிட்டு, அந்தப் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது. அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் திரையிடுகிறோம்.

முகங்கள் முக்கியம். வெளியூர் நடிகர் வேண்டாம். கோன் வைண்டிங்கில் பல வருஷமாக நிற்கும் அக்கா ஒருவரை, அவர் சம்மதத்தோடு, துப்பட்டாவை எப்படிப் பின்னால் முடிந்து ஏப்ரனுக்குள் செருகுவது என்று செய்து காட்டச் சொன்னோம். அவர் செய்த முறை எங்கள் கையேட்டில் இருந்ததைவிட நல்லது, கையேட்டை மாற்றினோம். ஹாஸ்டலில் பெண்கள் அந்த வீடியோவைத் தாங்களாகவே ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். "நம்ம அக்கா" என்ற ஒரே காரணத்துக்காக. ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், அதிகபட்சம் மூன்று நிமிடம், போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற அளவில் என்று வைத்துக்கொண்டால் இதெல்லாம் தானாக நடக்கிறது.

எப்போது காட்டுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. சேரும் நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது வழக்கம். மெஷினையே பார்த்திராத ஒருவருக்குக் கார்டிங் மெஷினின் லிக்கர்-இன் உருளையைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? நாங்கள் முதல் நாளில் அவசர வழி, தீ, யாரிடம் சொல்வது என்பதோடு, நிற்கப்போகும் மெஷினில் எதைத் தொடவே கூடாது என்பதையும் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று காட்டுகிறோம். முழு வீடியோவும் ஒரு வாரம் பழகுநராக நின்ற பிறகு. அந்த ஒரு வாரத்தில் அவர்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும்.

மாஸ்க் வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பிசினோசிஸ். அதன் ஆரம்ப அறிகுறி விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்த நாள் குறைந்துவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷங்கள் போகப் போக அது எல்லா நாளுக்கும் பரவும், பிறகு திரும்ப வழியில்லை. 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆராய்ச்சி செய்த மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங், இந்தத் திங்கட்கிழமை அறிகுறியை அடிப்படையாக வைத்துத்தான் நோயின் படிநிலைகளை வகுத்தார். எங்கள் மாஸ்க் வீடியோவில் "மாஸ்க் அணிவீர்" என்ற சொல்லே கிடையாது. ஒரு பெண் தொழிலாளி கேமராவைப் பார்த்துக் கேட்கிறார்: "லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கா? மறுநாள் சரியாயிடுதா?" இதைத் திரையிட்ட அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ப்ளோ ரூமில் வெகுகாலம் வேலை பார்த்த ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "எனக்கு அப்படித்தான் இருக்குதுங்க, வயசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பி நுரையீரல் சோதனை செய்ய வைத்தோம். இப்போது தூசி இல்லாத பிரிவில் இருக்கிறார். வீடியோவை ரசித்தார்களா இல்லையா என்று கேட்டு வாங்கும் படிவங்களில் எனக்கு ஆர்வம் போனது அன்றைக்குத்தான். வகுப்புக்குப் பிறகு யார் வந்து என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அந்த நோட்டில் எனக்குப் பிடித்த பதிவு, ஒரு விபத்துப் படத்தைக் காட்டியபோது வந்தது. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். சர்க்கரை வெடிக்குமா என்றால், நுண் தூசியாகக் காற்றில் பரவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். முதல் வெடிப்பின் அதிர்வில் தரையிலும் உயரத்திலும் படிந்திருந்த தூசி கிளம்பி, அதுவும் அடுத்தடுத்து வெடித்துக் கட்டடம் முழுக்கப் பரவியது. சி.எஸ்.பி.யின் படத்தை ஷெட்டைக் கூட்டும் பெண்களுக்குக் காட்டினேன். பஞ்சு சர்க்கரையைப் போல வெடிப்பது குறைவு, ஆனால் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியில் தீ நொடியில் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் எழுந்து, "அப்ப மேல பீம்ல படிஞ்சிருக்கறது?" என்றார். தரையைத்தான் நாங்கள் தினமும் கூட்டிக்கொண்டிருந்தோம். மேலே சுத்தம் செய்வதற்கான கால அட்டவணை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

தகவலும் பயிற்சியும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்பது போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவில் தெளிவாக எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு வந்த வாசகம் அது. அந்தப் பிரிவை நான் வகுப்பில் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் வீடியோ காட்டுவது நிர்வாகம் செய்யும் தயவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்து ப்ளோ ரூம் தீயைப் பற்றி ஒரு வீடியோ எடுக்க வேண்டும். சிக்கல் இதுதான். பஞ்சுப் பேலில் பற்றிய தீ மேலே அணைந்தது போலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும், நேரம் கழித்து மறுபடி எரியும். "அணைச்சாச்சு" என்று நினைத்து அந்தப் பேலை உள்ளேயே விட்டுவிடுவதுதான் ஆபத்து. உள்ளே கனல்வதை எப்படிக் காட்டுவது? கார்ட்டூனாக வரைந்தால் நம்ப மாட்டார்கள். நிஜமாகப் பற்ற வைப்பதென்றால் தீயணைப்புத் துறையின் உதவியோடு திறந்த வெளியில்தான் செய்ய முடியும். வெப்பத்தைக் காட்டும் கேமராவை வாடகைக்கு எடுத்து, வெளியே வெள்ளையாகத் தெரியும் பேல் உள்ளே எப்படி இருக்கிறது என்று அருகருகே காட்டலாமா என்று யோசிக்கிறோம். மேற்பரப்பின் சூட்டைத்தான் அந்தக் கேமரா பிடிக்கும் என்பதால், எவ்வளவு நேரத்தில் உள்சூடு வெளியே தெரியும் என்ற கேள்வியும் இருக்கிறது. பஞ்சாலைகளிலோ ஜின்னிங்கிலோ இதை முயன்று பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். படம் எடுக்கும் முறையைவிட, தீ அணைந்த பிறகு பேலை எவ்வளவு நேரம், எங்கே வைத்துக் கண்காணிக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.